மூன்றாவது கையெழுத்து

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. முப்பத்துமூன்று வருடம் வீடு வீடாகப் படியேறி, மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு போனவரை ஊர் ‘மீட்டர்’ என்றே கூப்பிட்டது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி இதை ஒரு வாரம் எதிர்த்துப் பார்த்தாள். எட்டாம் நாள் அவளே ‘மீட்டர் வீட்டம்மா’ ஆகிவிட்டாள்.

மீட்டரின் கையெழுத்து ஊரில் எல்லோருக்கும் பழக்கம். கம்பத்திலிருந்து அறுந்து தொங்கும் ஒயரைப் போல ஒரு நெளிவு, முடிவில் ஒரு புள்ளி. ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஆணியில் தொங்கும் அட்டையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த நெளிவு விழும். ஊர்க் குழந்தைகள் அம்மா முகத்துக்கு அடுத்தபடியாக அதைத்தான் பார்த்து வளர்ந்தன என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

ஐம்பத்தெட்டாம் வயதில் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இனி நேரம் ஏராளமாக இருக்கும் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. இரண்டு வருடம் மீட்டர் வீட்டுக்குள்ளேயே சுற்றினார். அலமாரியைத் திறப்பார், மூடுவார். குழாயில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி சமையலறைக்கு வந்து அறிக்கை கொடுப்பார்.

“ஏங்க, ஊர்ல சங்கம் கிங்கம்னு ஒண்ணும் இல்லையா? போய்ச் சேருங்களேன். நானும் ஒரு மணி நேரம் மனுஷியா உட்கார்ந்திருப்பேன்” என்றாள் மனைவி.

சங்கம் இருந்தது. அந்த மாதம்தான் பிறந்திருந்தது.

ஊர் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கியவர் கம்பவுண்டர். நாற்பது வருடம் டாக்டரின் கிறுக்கலைப் படித்து மருந்து கொடுத்தவர். ஆகவே உலகில் தன்னால் படிக்க முடியாத பழைய ஏடு எதுவும் இருக்க முடியாது என்று நம்பினார். சங்கத்துக்கு இடம் கொடுத்தவர் மில்காரர். அவருடைய மாவு மில்லின் கிடங்கை ஒட்டி ஓர் அறை காலியாகக் கிடந்தது. அந்த அறையில் மேசை, பெஞ்சு, பேனா, உறுப்பினர்களின் புருவம் எல்லாவற்றின் மேலும் எப்போதும் மெல்லியதாக மாவு படிந்திருக்கும். ஜன்னல் மேடையில் ஒரு பச்சை பினாயில் பாட்டில். அதை யாரும் பயன்படுத்தியதில்லை, தூக்கிப் போட்டதுமில்லை.

முதல் கூட்டத்திலேயே ஊருக்கு பஸ் எந்த வருடம் வந்தது என்பதில் இரண்டு பேருடைய சட்டை கிழிந்தது. அடுத்த கூட்டத்தில் கம்பவுண்டர் விதிகளோடு வந்தார். நான்காவது விதி இது: ‘ஒருவர் சொல்வது நினைவு. மூவர் ஒப்பமிட்டால் அது வரலாறு.’ தடித்த நினைவேடு ஒன்று தைக்கப்பட்டது. பக்கத்துக்கு ஒரு நினைவு, அடியில் மூன்று கோடு, மூன்று கையெழுத்து. சட்டைகள் தப்பின. முத்து முத்தாக எழுதுபவர் என்பதால் மீட்டர் செயலாளர் ஆனார்.

விதி நல்ல விதிதான். ஆள்தான் கிடைக்கவில்லை. நினைவு உள்ளவர் ஒருவர் வருவார், தலையாட்ட இன்னொருவரையும் கையோடு கூட்டி வருவார். மூன்றாவது ஆள் செத்துப்போயிருப்பார், அல்லது பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார். எழுதி முடித்த பக்கம் மூன்றாவது கோடு காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி மீட்டரைப் பார்க்கும். முதன்முதலில் வந்து நின்றவர் சைக்கிள் கடைக்காரர். வெள்ளத்தில் தன் அப்பா பதினாறு பேரை இழுத்துக் கரை சேர்த்த நினைவு. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அந்த மனிதருக்குக் குரல் உடைந்தது.

“மூணாவது ஆளுக்கு நான் எங்க போவேன் மீட்டர் அண்ணே? நீங்க போகாத வீடா, பார்க்காத ஆளா?”

மீட்டர் யோசித்தார். போகாத வீடு இல்லைதான். நெளிவை இழுத்துப் புள்ளி வைத்தார். சைக்கிள் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முப்பத்துமூன்று வருடத்தில் அந்தக் கையெழுத்துக்காக யாரும் அப்படிச் செய்ததில்லை. யூனிட் கூடிப்போச்சே என்று முறைத்தவர்கள்தான் அதிகம்.

அதன்பிறகு அவர் ஊரின் மூன்றாவது ஆள் ஆகிவிட்டார். அகப்பையால் சிறுத்தையை அடித்து விரட்டிய அத்தைக்கு அவர் சாட்சி. பள்ளிக்கூடத்துக் கிணறு ஒரே நாளில் வெட்டப்பட்டதற்கு அவர் சாட்சி. வயலில் விமானம் இறங்கியதற்கும் அவர்தான் சாட்சி. விமானம் இறங்கிய வருடத்தில் அவருக்கு இரண்டு வயது என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் அறுபத்தொரு பக்கம் நிறைந்தது. அதில் நாற்பத்துமூன்றில் அறுந்த ஒயர் தொங்கியது.

புத்தகமாகப் போடலாம் என்று கம்பவுண்டர் தீர்மானித்தார். பக்கத்து டவுனில் பஸ் நிலையத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் திரையில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும், வாய் அதற்கும் மேல்.

“சார், சிறுத்தை பக்கத்துல மேலே பெண் சிறுத்தைன்னு இருக்கு. கீழே மீசையை முறுக்கிக்கிட்டு வந்துச்சுன்னு இருக்கு. எதை வெச்சுக்க?”

“மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா. ரெண்டையும் வெச்சுக்க.”

“சரிதான். சிறுத்தைக்கே தெரியாது போல.”

இப்படிக் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை மீட்டர் போனபோது அவள் சிரிக்கவில்லை. அறுபது பக்கம் அடித்து அடுக்கி வைத்திருந்தாள். நினைவேட்டின் நகலில் ஒரே ஒரு தாள் மட்டும் தனியாக இருந்தது.

“நாற்பத்தாறாம் பக்கத்தை மட்டும் அடிக்கலை சார்.”

“ஏம்மா, கரண்டு போச்சா?”

அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, அதில் இருந்ததை நிதானமாகப் படித்தாள். “‘ஆற்றில் ஓடம் கவிழ்ந்து ஓடக்காரரோடு ஐந்து பேர் இறந்த அன்று காலை, அவர் கரையில் மரத்தடியில் பச்சை பாட்டிலோடு உட்கார்ந்திருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நிதானம் தவறிய நிலையிலேயே ஓடத்தை எடுத்தார்.’ இந்தக் கையெழுத்தெல்லாம் யாரோடது சார்?”

“ஒண்ணு மில்காரர். அடுத்தது அவர் மில்லு மேஸ்திரி, போன வருஷம் தவறிட்டாரு. மூணாவது வந்து... நான்தான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. சங்கத்தின் விதிகளில் இதற்கு இடமே இல்லை.

“ஏம்மா கேக்கறே?”

“ஓடக்காரர் எங்கப்பா சார்.”

பின்னால் இயந்திரம் யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. 

“எனக்கு அப்ப நாலு வயசு. மூணாம் மாசமே அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கல்யாணம் மறுபடி இந்தப் பக்கமே அமைஞ்சுது. அம்மா சாகற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு ஓடத்துல ஆளுங்களோட பதினெட்டு மூட்டையும் ஏத்தினாங்க, அப்பா வேணாம்னு சொல்லியும் ஏத்தினாங்கன்னு. அது உங்க பக்கத்துல இல்லை. பாட்டில்தான் இருக்கு.”

யாருடைய மூட்டை என்று மீட்டர் கேட்கவில்லை. அந்த ஊரில் மூட்டை ஒருவரிடம்தான் இருந்தது.

“எனக்காகப் பொய் சொல்ல வேணாம் சார். நிஜமா பார்த்திருந்தீங்கன்னா சொல்லுங்க, என் கையாலேயே அடிச்சுக் குடுத்துடறேன். என் பிள்ளைங்களும் படிக்கட்டும். பார்க்கலைன்னா அதையும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை உங்க கூட்டம்னீங்க. திங்கட்கிழமை கடை ஒன்பது மணிக்குத் திறப்பேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் மீட்டர் தன் நினைவைத் தோண்டிப் பார்த்தார். சிக்கல் இங்கேதான். அவருக்கு அது தெரிந்தது. மரம் தெரிந்தது, மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓடக்காரர் தெரிந்தார், பாட்டிலின் பச்சையில் வெயில் பட்டு மின்னியதுகூடத் தெரிந்தது. நேற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கிணறு வெட்டியதும் அப்படித்தான் தெரிந்தது. விமானம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு உட்பட.

ஓடம் கவிழ்ந்த அன்று அவருக்கு இருபத்தேழு வயது. சேதி கேட்டு ஆற்றுக்கு ஓடியது நினைவிருக்கிறது. கரையில் ஈரத்துணி போர்த்திக் கிடத்தியிருந்ததும் நினைவிருக்கிறது. எங்கிருந்து ஓடினார் என்பதுதான் இல்லை.

“ஓடம் கவிழ்ந்த அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?” என்று வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைக் கேட்டார்.

“நல்லாக் கேட்டீங்க போங்க. அப்ப எனக்கும் உங்களுக்கும் கல்யாணமே ஆகலை. நான் எங்க ஊர்ல நிம்மதியா இருந்தேன்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் நறுக்கும் வேகம் குறைந்தது.

“நாற்பத்திமூணா?”

“நாற்பத்திமூணு.”

“என்கிட்ட பால் பொங்கிடுச்சான்னு கேட்டா மட்டும் நான் பார்க்கலைன்னு சொல்வீங்க.” பிறகு கொஞ்சம் இரங்கினாள். “அன்னைக்கு வேலை நாள்தானே? எந்தத் தெருவுல இருந்தீங்கன்னு அட்டையில இருக்குமே. தேதி போட்டுத்தானே கிறுக்குவீங்க?”

மீட்டருக்கு உயிர் வந்தது. ஊரில் நினைவு பொய் சொல்லலாம், அட்டை சொல்லாது. வெள்ளிக்கிழமை காலை தெரு தெருவாகக் கிளம்பினார். புது மீட்டர் மாட்டியபோது பெரும்பாலான வீடுகளில் பழைய அட்டையைத் தூக்கி எறிந்திருந்தார்கள். ஒரு வீட்டில் அதை அலமாரிக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார்கள். குனிந்து பார்த்தார், அது வேறு வருடம். முப்பத்தொரு வீட்டில் தேநீர் மட்டும் கிடைத்தது.

முப்பத்திரண்டாவது வீடு மேட்டுத் தெருவின் கோடியில். எதையும் தூக்கி எறியாத வீட்டுக்காரம்மா ஒருத்தி அங்கே தனியாக இருந்தாள். வாசல் திண்ணைச் சுவரில் பழைய மரப்பெட்டி அப்படியே இருந்தது. அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஆணியில் குத்தியிருந்தன. மீட்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். கிடைத்துவிட்டது. ஓடம் கவிழ்ந்த அதே வருடம், அதே மாதம், அதே ஆறாம் தேதி, நாற்பது யூனிட், பக்கத்தில் அறுந்த ஒயர். மேட்டுத் தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையே இரண்டு மைல். அன்று அவர் இங்கே இருந்திருக்கிறார். எதையும் பார்க்கவில்லை. அவர் குற்றவாளி, ஆனால் நிச்சயமான குற்றவாளி. அந்த நிம்மதியே தனிதான்.

“என்ன மீட்டர், பழைய பில்லு ஏதாவது பாக்கியா?” என்று வீட்டுக்காரம்மா தேநீரோடு வந்தாள்.

அவர் அட்டையைக் காட்டினார். அவள் தேதியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். பார்வை நன்றாக இல்லை.

“இந்த வருஷமா? இந்த வருஷம் முழுக்க வீடு பூட்டிக் கிடந்துச்சே. நாங்க எல்லாரும் என் தம்பி ஊர்ல இல்ல இருந்தோம். திரும்பி வந்து பார்த்தா பூட்டின வீட்டுல நாற்பது யூனிட் ஓடியிருக்கு. என் வீட்டுக்காரரு பேயி வந்து லைட்டைப் போட்டு உட்கார்ந்திருந்துச்சான்னு கேட்டாரு. நீங்கதான் அந்தப் பேயா?”

தேநீர் அவர் கையிலேயே ஆறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேட்டுத் தெரு ஏறச் சோம்பல் வந்த நாட்களில், அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து அந்தத் தெருவுக்கான புது அட்டைகளையெல்லாம் மனக்கணக்காக நிரப்பிவிடுவார். மறுநாள் போய் ஆணியில் மாட்டிவிட்டு வருவார். அந்த இடம் ஒரு தேநீர்க் கடை. அது ஓடத்துறைக்கு எதிரில் இருந்தது. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் மரத்தடி நேராகத் தெரியும்.

ஆக, பார்க்கவில்லை என்று சொல்லக்கூட அவரால் முடியாது. பார்த்திருக்கலாம். தன் கையெழுத்தை நம்பி இத்தனை வீடு ஏறி இறங்கிய ஒரே முட்டாள் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பன்னிரண்டு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். புத்தகம் வருகிறது என்பதால் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து, படம் எடுப்பார்கள் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். எண்பது வயது மில்காரர் ஜன்னலோரம் தன் வழக்கமான நாற்காலியில், கைத்தடி மேல் தாடையை வைத்திருந்தார். மீட்டர் எழுந்து, ஜெராக்ஸ் கடைப் பெண் கேட்டதைச் சொல்லி, நாற்பத்தாறாம் பக்கத்தில் தன் கையெழுத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததில் மாவு பரவியது. “எடுக்கறதுன்னா எப்படி? கையெழுத்தைப் போடத்தான் விதி இருக்கு. எடுக்க விதி இல்லையே.”

“நான் பார்த்ததா எனக்கே நிச்சயம் இல்லை.”

“நிச்சயம் இல்லைன்னு நீங்க ஒருத்தர் சொன்னா அது நினைவுதானே? மூணு பேரு சொல்லணும். நீங்க பார்க்கலைங்கறதுக்கு வேற யாரு சாட்சி?”

இதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சபை தலையாட்டியது. மீட்டர் உட்காரவில்லை.

“அப்போ இன்னும் சொல்றேன். இந்த ஒண்ணு மட்டும் இல்லை. விமானம் இறங்கினப்ப எனக்கு ரெண்டு வயசு. கிணறு வெட்டினப்ப நான் பிறக்கவே இல்லை. நாற்பத்திமூணு பக்கத்துல போட்டிருக்கேன். ஒண்ணுகூடப் பார்த்துப் போடலை.”

அறையில் மாவு விழும் சத்தம் கேட்டிருக்கும், மாவுக்குச் சத்தம் இருந்திருந்தால். சைக்கிள் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“எங்கப்பா பக்கம்?”

மீட்டர் தலையைக் குனிந்தார்.

“அண்ணே, அது நிஜம். அது நடந்தது.”

“நடந்திருக்கும்ப்பா. நான் பார்க்கலை.”

கம்பவுண்டர் மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, மருந்து அளவைச் சொல்லும் குரலில் பேசினார். “மீட்டர், உட்காருங்க. எதுக்கு இந்தப் பிடிவாதம்? அந்தப் பொண்ணு கேட்டது ஒரு பக்கம்தானே? காரணம் எதையும் எழுதாம அந்த ஒண்ணை மட்டும் சத்தமில்லாம உருவிடுவோம். மத்த நாற்பத்திரண்டும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

மீட்டருக்கு ஆசையாக இருந்தது. ஒரு நிமிடம் உட்காரவே உட்கார்ந்துவிட்டார். அப்போது ஜன்னலோரத்திலிருந்து கைத்தடி தரையில் தட்டப்பட்டது.

“எதுக்கு உருவணும்?” என்றார் மில்காரர். “நான் பார்த்தேன். மேஸ்திரி பார்த்தான். மீட்டருக்கு வயசாகி மறந்துடுச்சுன்னா, மூணாவது ஆளா கிடைக்காது? இங்கயே இருப்பாங்களே. யாருக்கு நினைவிருக்கு?”

சபை ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு ஒரு கை எழுந்தது. இன்னொன்று எழுந்தது. மூன்றாவதாகச் சைக்கிள் கடைக்காரர், மீட்டரின் முகத்தைப் பார்க்காமல், கையைத் தூக்கினார். ஓடம் கவிழ்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்.

“எனக்கு நல்லா நினைவிருக்கு. பச்சை பாட்டில்.”

“ஆமா, பச்சைதான்” என்றார் முதலில் கை தூக்கியவர். “வெயில்ல பளபளன்னு.”

அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் மீட்டரை உலுக்கியது. அந்த முகங்களை அவருக்குத் தெரியும். அவர்களுக்கு அது நிஜமாகவே தெரிந்தது, பஸ்ஸில் அவருக்குத் தெரிந்ததைப் போலவே. அதே வெயில், அதே பளபளப்பு. எங்கிருந்து வந்தது அது? அவர் கண் தானாக ஜன்னலுக்குப் போனது. மில்காரரின் தோளுக்குப் பின்னால் பினாயில் பாட்டில் நின்றது. மதிய வெயில் அதன் வழியாக மேசை வரை பச்சையாக விழுந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் அவருக்கு முழுசாகத் திரும்பி வந்தது. மில்காரர் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். ‘பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான்’ என்றுதான் சொன்னார். மீட்டர் அதை எழுதிவிட்டு, வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே என்று பேனாவைக் கடித்தார். நிமிர்ந்து பார்த்தார். ‘பச்சை’ என்று சேர்த்தார்.

அவர் எழுந்து போனார். மில்காரரின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பாட்டிலை எடுத்து, தூசியோடு மேசை நடுவில் வைத்தார்.

“நீங்க எல்லாரும் பார்த்த பாட்டில் இதுதான். நானும் இதைத்தான் பார்த்திருக்கேன். மில்காரர் நிறம் சொல்லலை. பச்சைன்னு எழுதினது நான். வாக்கியம் நல்லா இருக்கட்டும்னு சேர்த்தேன்.”

 தூக்கிய கைகள் எப்போது இறங்கின என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் சாட்சி கிடையாது.

“உங்க மூட்டை அன்னைக்கு ஓடத்துல இருந்ததா?” என்று மீட்டர் மில்காரரைப் பார்த்துக் கேட்டார். “பதினெட்டு மூட்டை?”

மில்காரர் நெடுநேரம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். “அதுக்கு மூணு பேரு கையெழுத்து இருக்கா?” என்றார் கடைசியில். பிறகு எழுந்தார். எழுந்திருக்கச் சிரமப்பட்டார், யாரோ கை கொடுத்தார்கள். வாசலில் நின்று, “கம்பவுண்டர், இந்த ரூம் எனக்கு வேணும். சாமான் போட இடம் பத்தலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைக்குள் மீட்டர் நாற்பத்துமூன்று பக்கத்திலும் தன் நெளிவின் குறுக்கே கோடு போட்டார். விதிப்படி அவை வரலாற்றிலிருந்து நினைவுக்கு இறங்கின. புத்தகத்துக்குத் தேறியவை பதினெட்டு பக்கம். அதில் ஐந்து பஸ் வந்ததைப் பற்றியவை, ஐந்தும் வேறு வேறு வருடம். செயலாளர் பதவியும் போயிற்று. இடம் இல்லாததால் நினைவேட்டை மட்டும் அவரே வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. வழியில் சைக்கிள் கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவர் காலடி கேட்டு மீதிக் கதவும் சாத்திக்கொண்டது.

மனைவி நினைவேட்டை வாங்கி, அதன் மேல் இருந்த மாவைத் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, “சாப்பிட வாங்க” என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் ஜெராக்ஸ் கடையில் இருந்தார். அவள் இன்னும் கம்ப்யூட்டரைக்கூடப் போடவில்லை. நினைவேட்டில் நாற்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். அவள் கோட்டைப் பார்த்தாள், விரலால் தொட்டும் பார்த்தாள்.

“அப்போ அப்பா குடிச்சிருக்கலையா சார்?”

பஸ்ஸில் வரும்போது இந்தக் கேள்விக்கு அவர் நாலைந்து நல்ல பதில்கள் தயார் செய்திருந்தார். ஒவ்வொன்றும் அழகான வாக்கியம்.

“தெரியலைம்மா” என்றார்.

அவள் தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்பது தெரிந்தது. இதற்கு மேல் கிடைக்காது என்பது அவளுக்கும் தெரிந்தது.

“புத்தகத்துல வராது. ஆனா ஊர்ல சொல்றவங்க சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்ல. அதை நான் இப்ப கோடு போட்டு அடிச்சாலும்...” அவர் கையைப் பிசைந்தார். “என் கண்ணுக்கே இன்னும் தெரியுதும்மா. அந்த மரமும் அதுவும். பொய்யின்னு தெரிஞ்சும் போக மாட்டேங்குது.”

அவள் நினைவேட்டை மேசை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அதுல அப்பா முகம் எப்படி இருக்கு?”

மீட்டர் திடுக்கிட்டார்.

“எங்ககிட்ட ஒரு போட்டோ கிடையாது. எனக்கு நாலு வயசு, ஒண்ணும் நினைவில்லை. உங்க கண்ணுக்காவது தெரியுதேன்னு கேட்டேன்.”

அவர் கண்ணை மூடினார். மரத்தடியில் இருந்த மனிதர் நல்ல அகலமான முகத்தோடு, பெரிய மீசையோடு இருந்தார். அந்த மீசையைச் சொல்ல வாய் திறந்தார். சிறுத்தையின் மீசை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஓடத்தில் அவர் எத்தனையோ தடவை அக்கரைக்குப் போயிருக்கிறார். அக்கரையிலும் மீட்டர்கள் இருந்தன. ஆனால் முகம், உடை, குரல் என்று எதை எடுத்தாலும் அதன் மேல் பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. தான் சேர்த்தது எது, தானாக வந்தது எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். கடையில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. அவள் காத்திருந்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. அது அவர் கையில் இருந்தது.

“முகம் சொல்ல மாட்டேன்ம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கரை வந்ததும் இறங்கறவங்களுக்குக் கை குடுப்பாரு. எல்லாரும் மணிக்கட்டைப் பிடிப்பாங்க, இல்லைன்னா விரலைப் பிடிப்பாங்க. அவரு முழங்கையைப் பிடிப்பாரு. இங்க.” தன் இடது முழங்கையின் அடியில் தொட்டுக் காட்டினார். “இறுக்கிப் பிடிக்க மாட்டாரு. ஆனா கால் வழுக்காது.”

அவள் தன் முழங்கையை மற்றொரு கையால் அதே இடத்தில் பிடித்துப் பார்த்தாள். சரியா என்று கேட்பது போல அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் கீழே என்று சைகை செய்தார்.

“எழுதிக்கவா சார்?”

“வேணாம்மா” என்றார் மீட்டர்.

வாசலில் ஒருவர் நகல் எடுக்க ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார். அவள் முழங்கையை விடாமலே, கொஞ்சம் இருங்க என்றாள்.